ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வயசு வரைக்கும் குழந்தையை யார் பாத்துக்கிறது?

நீளமான பதிவு. வீட்ல கைக்குழந்தை இருக்கிறவங்க, சீக்கிரம் குழந்தை வரப்போறவங்க, முக்கியமா ஆம்பளைங்க, முழுசா படிச்சுட்டு கமெண்ட் போடுங்க.

வாட்ஸ்அப் குரூப்கள்ல ஒரு கார்டு அடிக்கடி சுத்தும். "உங்கள் குழந்தைக்கு ஏற்ற காப்பகத்தைத் தேர்வு செய்வது எப்படி? 10 டிப்ஸ்!" காற்றோட்டம் இருக்கா பாருங்க. சிசிடிவி இருக்கா பாருங்க. டீச்சர் சிரிச்ச முகமா பேசுறாங்களா பாருங்க. கடைசியில ஒரு பிளே ஸ்கூல் விளம்பரம்.

பாக்க வேண்டியதுதான், தப்பில்ல. ஆனா தேர்வு பண்ணணும்னா குறைஞ்சது ரெண்டு இருக்கணும்ல? கடையில ஒரே ஒரு சட்டை தொங்குது. அதுவும் நம்ம சைஸ் இல்ல, விலையும் கட்டுப்படியாகல. அங்க போய் "நல்லா பாத்து செலக்ட் பண்ணுங்க"ன்னு சொன்னா அதுக்குப் பேரு ஆலோசனையா, நக்கலா?

தமிழ்நாட்டுல பெரும்பாலான குடும்பங்களுக்கு குழந்தைக் காப்பகம்ங்கிறது தேர்வு இல்ல, திண்டாட்டம். இந்தத் திண்டாட்டம் தானா வந்தது இல்ல. சட்டத்துல இருக்கிறதை நிறுவனங்கள் செய்யல, செய்ய வைக்க வேண்டிய அரசுகள் கேக்கல. நாம அதை "வீட்டுப் பிரச்சனை"ன்னு நாலு சுவத்துக்குள்ள வச்சுப் பூட்டிட்டோம்.

*கணக்கு ரொம்ப சிம்பிள்*

2017-ல மகப்பேறு பலன் சட்டத்தைத் திருத்தினாங்க. முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோட விடுப்பு. அதாவது ஆறு மாசம். குழந்தை அப்பதான் குப்புற விழுந்து, உக்கார ஆரம்பிச்சிருக்கும். அம்மா வேலைக்குத் திரும்பணும்.

அங்கன்வாடியில முன்பருவக் கல்விக்கு குழந்தையைச் சேக்குறது 2 வயசுல.

நடுவுல ஒன்றரை வருஷம். அந்த ஒன்றரை வருஷம் குழந்தை யார்கிட்ட இருக்கும்? சட்டமன்றத்துல கேட்டாலும் பதில் இல்ல, பார்லிமெண்ட்ல கேட்டாலும் பதில் இல்ல. வீட்ல கேட்டா மட்டும் எல்லாரும் ஒரே ஆளைத்தான் பாக்குறாங்க. அம்மாவை!

இது விடுப்பு கிடைக்கிறவங்க கதை. வீட்டு வேலை பாக்குற அக்கா, சித்தாள், பூ கட்டுறவங்க, பீடி சுத்துறவங்க, தெருவுல காய்கறி விக்கிறவங்க, இவங்களுக்கு 26 வாரம் யார் குடுப்பா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல உதவி வருது, மறுக்கல. ஆனா அதை வச்சு எத்தனை மாசம் வீட்ல உக்கார முடியும்? ரெண்டு மூணு மாசத்துலயே திரும்ப வேலைக்குப் போறாங்க. அவங்க குழந்தைக்கு அந்த ஒன்றரை வருஷ ஓட்டை ரெண்டு வருஷ ஓட்டையா ஆகுது.

அரசு ஊழியர் நிலைமை பரவால்ல. மாநில அரசுப் பெண் ஊழியருக்கு 2021 ஜூலையில இருந்து 12 மாச மகப்பேறு விடுப்பு. ஒன்றிய அரசுப் பெண் ஊழியருக்கு பணிக்காலம் முழுக்கச் சேத்து 730 நாள் குழந்தை பராமரிப்பு விடுப்பு. நல்ல விஷயம், வரவேற்கணும். ஒரு அரசு ஊழியரோட குழந்தைக்கு ஒரு வருஷம் அம்மா பக்கத்துல இருக்கணும்னு அரசுக்கே தெரியுது. அப்போ பனியன் கம்பெனியில செக்கிங் பாக்குறவங்க குழந்தை மட்டும் என்ன, சீக்கிரம் வளந்துடுமா?

*சட்டம் இருக்கு. அதைச் சொல்லத்தான் ஆள் இல்ல*

அதே 2017 திருத்தத்துல இன்னொரு பிரிவு இருக்கு. 11ஏ. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற நிறுவனம் குழந்தைக் காப்பகம் வச்சே ஆகணும். 50 பெண்கள் இல்ல, 50 ஊழியர்கள். அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போய் குழந்தையைப் பாத்துட்டு வரலாம். வேலைக்குச் சேரும்போதே இந்த உரிமைகளை எழுத்துப்பூர்வமா சொல்லணும். உங்க ஆபர் லெட்டரை இப்பவே திறந்து பாருங்க. இருக்கா?

இது 2017-ல புதுசா வந்த யோசனை இல்ல. 1948 தொழிற்சாலைச் சட்டத்துலயே காப்பகம் இருக்கு. 30 பெண் தொழிலாளர்களுக்கு மேல இருந்தா 6 வயசுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம்னு பிரிவு 48 சொன்னது. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்துல இருக்கு. 1996 கட்டுமானத் தொழிலாளர் சட்டத்துல இருக்கு. 2005-ல வந்த நூறு நாள் வேலைச் சட்டத்துல கூட, வேலை நடக்குற இடத்துக்கு 6 வயசுக்குட்பட்ட அஞ்சு குழந்தைங்க வந்தா, அவங்களைப் பாத்துக்க ஒரு பெண்ணை நியமிச்சு அவங்களுக்கும் கூலி குடுக்கணும்னு எழுதி வச்சாங்க. பழைய தொழிலாளர் சட்டங்களை எல்லாம் மடிச்சு 2020-ல கொண்டு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துலயும் 50 ஊழியர்னா காப்பகம்னுதான் இருக்கு.

சட்டத்துக்குப் பஞ்சமே இல்ல. தொட்டில்தான் இல்ல.

அந்தக் காலத்துலயே ஏரி வேலை, ரோடு வேலை நடக்குற இடத்துல மரத்துல தூளி கட்டி, ஒரு பாட்டியை உக்கார வச்சிருப்பாங்க. இன்னைக்கு இருபது மாடி கட்டுறோம். அந்த சைட்ல சிமெண்ட் மூட்டைக்குத் தார்ப்பாய் போட்டு மூடுறாங்க, மழை படாம. சித்தாளோட குழந்தை மணல் குவியல்ல விளையாடுது. பக்கத்துல மூடாத தண்ணித் தொட்டி. குழந்தை விழுந்தா மறுநாள் பேப்பர்ல நாலு வரி.

செய்ய முடியாத வேலையும் இல்ல இது. 1969-லயே டெல்லியில மீரா மகாதேவன் கட்டுமான இடத்துல கூடாரம் போட்டு நடமாடும் காப்பகம் ஆரம்பிச்சாங்க. அரை நூற்றாண்டுக்கு முன்னாடி ஒரு கூடாரத்துல முடிஞ்சது, இன்னைக்கு கோடிக்கணக்குல ஃபிளாட் விக்கிற பில்டருக்கு முடியாதா?

"சின்ன கம்பெனி சார், எங்களால முடியாது"ன்னு வருவாங்க. அதுக்கும் சட்டத்துலயே வழி இருக்கு. நாலு நிறுவனம் சேந்து ஒரு பொதுக் காப்பகம் நடத்தலாம். ஒரே தெருவுல இருபது பனியன் யூனிட் இருக்கிற திருப்பூர்ல இது பெரிய காரியமா? செலவுக்குப் பயந்து "நாங்க 49 பேர்தான்"னு கணக்கு காட்டுறதும், மிச்ச ஆளை காண்ட்ராக்ட்ல ஓட்டுறதும்தான் இவங்களுக்குத் தெரிஞ்ச வித்தை.

இன்னொரு வித்தை, கல்யாணமான பொண்ணையே வேலைக்கு எடுக்காம விடுறது. 2024-ல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பெரிய செல்போன் ஆலை மேல இதே புகார் செய்தியா வந்துச்சு. ஒன்றிய தொழிலாளர் அமைச்சகமே மாநிலத்துகிட்ட அறிக்கை கேட்டுச்சு. காப்பகம் வைக்கிறதை விட அம்மாக்களைக் கழட்டி விடுறது லாபம்னு ஒரு முதலாளி நினைச்சா, அது "நிறுவனக் கொள்கை" இல்லைங்க, அநியாயம்.

நாடு முழுக்க தொழிற்சாலைகள்ல வேலை பாக்குற பெண்கள்ல நூத்துக்கு நாப்பது பேருக்கு மேல தமிழ்நாட்டுல இருக்காங்கன்னு மேடைக்கு மேடை பெருமை பேசுறோம். பேசணும்தான். அந்தப் பெண்களோட குழந்தைங்க எங்க இருக்குன்னு ஒரு மேடையிலயாவது பேசுனோமா?

*"அந்தக் காலத்துல கூட்டுக் குடும்பமா இருந்தோம்…"*

இந்தப் பதிவுக்குக் கீழ இந்த கமெண்ட் வரும். வராம இருக்காது. அதனால இப்பவே பதில்.

ஐயா, கூட்டுக் குடும்பத்துல குழந்தையை "குடும்பம்" பாத்துக்கல. பாட்டியும் அத்தையும் சித்தியும் பாத்தாங்க. சம்பளம் இல்லாம. பல வீடுகள்ல பத்து வயசு அக்கா பாத்தா, பள்ளிக்கூடத்தை விட்டுட்டு. இடுப்புல தம்பியைச் சுமந்ததால படிப்பை விட்ட பொண்ணுங்க உங்க வீட்லயே இருப்பாங்க. உங்க அம்மாகிட்ட, பெரியம்மாகிட்ட கேட்டுப் பாருங்க.

இன்னைக்குப் பாட்டிக்கு 55 வயசு. அவங்களே வேலைக்குப் போறாங்க. இல்ல முட்டி வலி, சுகர். ஊர்ல தாத்தாவைத் தனியா விட்டுட்டு, சென்னையில மூணாவது மாடி ஃபிளாட்ல பேரக்குழந்தையோட அடைபட்டுக் கிடக்குறாங்க. பாசத்துல பாக்குறாங்க, உண்மைதான். ஆனா அவங்க பாசத்தை நம்பித்தான் இந்த மொத்தப் பொருளாதாரமும் ஓடுதுன்னா, அது அவங்க மேல நாம போட்ட சுமை.

2019-ல மத்திய புள்ளியியல் துறை நேரப் பயன்பாட்டு ஆய்வு நடத்துச்சு. சம்பளமில்லாத வீட்டு வேலையில ஈடுபடுற பெண் ஒரு நாளைக்குச் செலவழிக்கிறது சராசரியா 299 நிமிஷம். ஆண் 97 நிமிஷம். வீட்ல யாரையாவது பராமரிக்கிற வேலையில பெண் 134, ஆண் 76. தனியார்ல அப்பாவுக்குக் குழந்தை பிறந்தா விடுப்பு குடுத்தே ஆகணும்னு ஒரு சட்டம் கூட இல்ல. ஒன்றிய அரசு ஊழியருக்கு 15 நாள். "யாருக்கு ஏத்த காப்பகம்"னு பேசுறதுக்கு முன்னாடி, குழந்தை யாரோட பொறுப்புன்னு பேசிடுவோமே?

என் டீம்ல ஒரு அக்கா இருந்தாங்க. எங்களுக்கெல்லாம் வேலை கத்துக் குடுத்தவங்க. பிரசவ விடுப்பு முடிஞ்சு வந்து நாலு மாசம் தாக்குப் பிடிச்சாங்க. டேகேர் ஏழு மணிக்கு மூடிடும், கிளையன்ட் கால் ஏழரைக்கு. ஆபீஸ்ல காப்பகம் கேட்டதுக்கு, "டை-அப் இருக்கு"ன்னு பதினாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு பேரு குடுத்தாங்க. டிராஃபிக்ல பதினாலு கிலோமீட்டர்! அக்கா பேப்பர் போட்டாங்க. கடைசி நாள் கேக் வெட்டும்போது மேனேஜர் சொன்னார், "குடும்பத்துக்காக நேரம் ஒதுக்குறாங்க." எல்லாரும் கை தட்டினோம். அவங்க விருப்பப்பட்டு எடுத்த முடிவாம்!

*கையில வெண்ணெய், நெய்க்கு அலையுறோம்*

தமிழ்நாட்டுல 54 ஆயிரத்துக்கும் மேல அங்கன்வாடி மையங்கள் இருக்கு. நம்ம பாஷையில பால்வாடி. எந்த ஊருக்குப் போனாலும் ஒண்ணு இருக்கும். கட்டடம் இருக்கு, டீச்சர் இருக்காங்க, சாப்பாடு இருக்கு. "ஆடிப் பாடி விளையாடு பாப்பா"ன்னு தனிப் பாடத்திட்டமே இருக்கு. ரெண்டரை வயசுக் குழந்தைகிட்ட பென்சிலைக் குடுத்து ஏபிசிடி எழுதச் சொல்லி அடிக்கிற பல பிளே ஸ்கூலை விட இது எவ்வளவோ மேல்.

பிரச்சனை ரெண்டே ரெண்டு. பிற்பகலோட மூடிடும், அம்மா ஷிப்ட் முடிஞ்சு வர்றது சாயங்காலம் ஆறு, ஏழு. ரெண்டு வயசுக்குக் கீழ உள்ள குழந்தையை நாள் முழுக்க விட்டுட்டுப் போக வழி இல்ல.

1975 அக்டோபர் 2-ல ஐசிடிஎஸ் ஆரம்பிச்சப்போ நோக்கம் சத்துணவு, தடுப்பூசி, முன்பருவக் கல்வி. அம்மா வேலைக்குப் போறதை அந்தத் திட்டம் கணக்குலயே எடுத்துக்கல. ஐம்பது வருஷம் ஆச்சு. இன்னுமா?

ஒன்றிய அரசு 2022-ல "பால்னா"ன்னு ஒரு திட்டம் அறிவிச்சது. அங்கன்வாடியோட சேந்த காப்பகம், 6 மாசத்துல இருந்து 6 வயசு வரைக்கும், நாளைக்கு ஏழரை மணி நேரம். யோசனை நல்ல யோசனைதான், பாராட்டுறோம். எத்தனை மையம்? நாடு முழுக்க 17,000. மொத்த அங்கன்வாடிகள் ஏறத்தாழ 14 லட்சம். நூத்துக்கு ஒண்ணு சொச்சம்! யானைப் பசிக்குச் சோளப்பொரி. பக்கத்துல கர்நாடகா 2023-ல "கூசின மனே"ன்னு கிராமப் பஞ்சாயத்து அளவுல காப்பகங்களை ஆரம்பிச்சது. அதுக்குக் குழந்தையின் வீடுன்னு அர்த்தம். சத்துணவுல இந்தியாவுக்கே வழிகாட்டின தமிழ்நாடு இதுல ஏன் பின்னாடி நிக்கணும்?

சரி, நேரத்தை நீட்டினா யார் வேலை பாப்பா? இங்கதான் அடுத்த அநியாயம். அங்கன்வாடி ஊழியருக்கு ஒன்றிய அரசு நிர்ணயிச்ச மதிப்பூதியம் 2018 அக்டோபர்ல 3,000-ல இருந்து 4,500 ஆச்சு. உதவியாளருக்கு 1,500-ல இருந்து 2,250. அதுக்கப்புறம் 2025 வரைக்கும் ஏழு வருஷம் அந்த எண் நகரவே இல்ல. கேஸ் விலை நின்னுச்சா? பஸ் டிக்கெட் நின்னுச்சா? மாநிலம் தன் பங்கு போடுறதாலதான் இங்க கையில கொஞ்சம் கூட வருது. அவங்களைத் "தன்னார்வலர்"னு சொல்லி ஒதுக்க முடியாது, பணிக்கொடைக்கு உரியவங்கன்னு 2022 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. அதனால தெளிவா சொல்லிடுறோம்: மையத்தை சாயங்காலம் வரைக்கும் திறந்து வைக்கணும்னா இருக்கிற டீச்சர் தலையிலயே கட்டக் கூடாது. ரெண்டாவது ஷிப்டுக்கு ரெண்டாவது ஆள். சரியான சம்பளம். ஒரு பெண்ணோட சுமையை இறக்கி இன்னொரு பெண் தலையில வைக்கிறதுக்குப் பேரு தீர்வு இல்ல.

*அதுவரைக்கும் நாளைக்குக் காலையில என்ன பண்றது?*

நியாயமான கேள்வி. போராட்டம் ஜெயிக்கிற வரைக்கும் குழந்தை காத்திருக்காது. இன்னைக்கே காப்பகம் தேடுறவங்க இதைக் குறிச்சு வச்சுக்கங்க. கார்டுல வராத டிப்ஸ்.

1. சொல்லாம போங்க. சேக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை, சேத்த பிறகு அடிக்கடி. "அப்பாயின்ட்மெண்ட் இல்லாம உள்ள விட மாட்டோம்"னு சொல்ற இடத்துல குழந்தையை விடாதீங்க.

2. ஆளை எண்ணுங்க, கேமராவை எண்ணாதீங்க. எத்தனை குழந்தைக்கு எத்தனை பேர்? தவழுற குழந்தைங்க பத்துப் பதினஞ்சு பேரை ஒரே ஆயா பாத்தா, எட்டு கேமரா இருந்தும் பிரயோஜனம் இல்ல. விழுறதை கேமரா பதிவு பண்ணும், பிடிக்காது.

3. ஆயா எத்தனை மாசமா இருக்காங்கன்னு கேளுங்க. மாசத்துக்கு ஒரு முகம் மாறுதுன்னா அங்க சம்பளம் ஒழுங்கா இல்லன்னு அர்த்தம். குழந்தைக்குப் பழகின முகம் வேணும்.

4. சமையல் எங்க நடக்குது, கேஸ் சிலிண்டர் எங்க இருக்கு, அவசரத்துல வெளிய வர எத்தனை வழி? கேக்க வெக்கப்படாதீங்க. 2004 ஜூலை 16, கும்பகோணம். சமையல் கூடத்துல பிடிச்ச தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைங்க போனாங்க. அந்தக் கேள்வியைக் கேக்குற உரிமை ஒவ்வொரு தமிழ்ப் பெத்தவங்களுக்கும் இருக்கு.

5. அங்கீகாரச் சான்று, கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று. சுவத்துல மாட்டியிருக்கணும். "அப்ளை பண்ணியிருக்கோம்"ங்கிறது சான்று இல்ல.

6. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா என்ன பண்ணுவாங்க, யாரைக் கூப்பிடுவாங்க, குழந்தையை வாங்கிட்டுப் போக யார் யாரை அனுமதிப்பாங்க? எழுத்துல வாங்குங்க.

7. விசாரிக்கப் போறப்ப அப்பாவும் போங்க. அம்மா மட்டும் போய், அம்மா மட்டும் பயந்து, அம்மா மட்டும் முடிவெடுத்து, ஏதாவது ஆனா அம்மாவை மட்டும் திட்டுற கதை போதும்.

*நாம கேக்குறது என்ன?*

ஒண்ணு: 50 ஊழியர்களுக்கு மேல உள்ள எல்லா நிறுவனங்கள்லயும் காப்பகம் இருக்கா இல்லையான்னு மாவட்டவாரியா பட்டியல் வெளியிடணும். காப்பகம் இல்லாத நிறுவனத்தோட பேரும் வரணும்.

ரெண்டு: தொழிற்பேட்டைகள்லயும் பெரிய கட்டுமான இடங்கள்லயும் பொதுக் காப்பகம். செலவு முதலாளிகள் பொறுப்பு, கண்காணிப்பு அரசு பொறுப்பு.

மூணு: அங்கன்வாடிகளை ஆறு மாசக் குழந்தையில இருந்து சேத்துக்கிற, சாயங்காலம் வரைக்கும் இயங்குற காப்பகமா கட்டம் கட்டமா மாத்தணும். கூடுதல் ஆள், கூடுதல் சம்பளத்தோட.

இதுல எதுவும் இலவசம் இல்ல, சலுகையும் இல்ல. ரோடு போடுறோம், வேலைக்குப் போறதுக்கு. பஸ் விடுறோம், வேலைக்குப் போறதுக்கு. காப்பகமும் அதே மாதிரிதான்.

*தொண்டர்களுக்கு வேலை*

ஷேர் பண்ணிட்டு உக்காந்துடாதீங்க.

• உங்க ஊர் பால்வாடிக்கு ஒரு நடை போங்க. எத்தனை மணிக்குத் திறக்குது, எப்ப மூடுது, பணியிடம் காலியா இருக்கா, கழிவறை, தண்ணி எப்படி இருக்குன்னு குறிச்சுட்டு வாங்க. டீச்சரை மிரட்டப் போகாதீங்க, அவங்க நம்ம பக்கம்.

• அடுத்த கிராம சபையில தீர்மானம் குடுங்க: "எங்கள் ஊராட்சிக்கு அங்கன்வாடியுடன் இணைந்த காப்பகம் வேண்டும்." ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. தேதி நமக்குத் தெரியும். பெண்களைக் கூட்டிட்டுப் போங்க, அவங்களைப் பேச விடுங்க. நகரத்துல இருக்கிறவங்க வார்டு கவுன்சிலர்கிட்ட மனு குடுங்க.

• உங்க கம்பெனியில 50 பேருக்கு மேல இருந்தா, காப்பகம் எங்கன்னு எச்.ஆருக்கு ஒரு மெயில் போடுங்க. தனியா போட பயமா இருந்தா பத்து பேர் சேந்து போடுங்க. ஆம்பளைங்க கையெழுத்து முதல்ல இருக்கட்டும்.

• தொழிலாளர் துறைக்கும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க. போன வருஷம் காப்பகம் இருக்கான்னு எத்தனை நிறுவனத்துல ஆய்வு பண்ணீங்க, எத்தனை பேர் மேல நடவடிக்கை எடுத்தீங்க? பதில் வந்தா நம்ம பக்கத்துக்கு அனுப்புங்க. வரலன்னாலும் அனுப்புங்க, அதையும் போடுவோம்.

ஓட்டு கேக்க வர்ற எல்லாரும் குழந்தையைத் தூக்கி போட்டோ எடுத்துப்பாங்க. அடுத்த தடவை யார் வந்தாலும், நம்ம ஆளே வந்தாலும், குழந்தையைக் கையில குடுத்துட்டு கேளுங்க: "நாளைக்கு நான் வேலைக்குப் போகணும். இதை எங்க விட்டுட்டுப் போறது?"

பதில் சொல்லிட்டு போட்டோ எடுத்துக்கட்டும்.

#காப்பகம்_எங்கள்_உரிமை
#ஆறு_மாதம்_முதல்_அங்கன்வாடி

பகிருங்கள். குடும்ப குரூப்ல கட்டாயம் பகிருங்கள்.

— தகவல் தொழில்நுட்ப அணி